கொட்டைப்பாக்கு வைத்த பாடத்திட்டம்

சென்ற மாதம் எங்கள் துறையிலிருந்து திவ்யா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றதும் என் நாற்காலிக்கு வந்த பெண் அவள்.

"மேடம், பாடத்திட்டத்தைப் புது சாஃப்ட்வேர்ல ஏத்திக்கிட்டு இருக்கோம். ஒவ்வொரு பாடத்துக்கும் முந்தி எதை முடிச்சிருக்கணும்னு கேக்குது. உங்க பழைய ஃபைலைப் பாத்தா ஓரத்துல 'பாக்கு: சாத்தையா எடுத்துவிட்டார்'னு எழுதியிருக்கு. பாக்குன்னா என்ன மேடம், ஏதும் கமிட்டியா?"

எனக்குச் சிரிப்பு அடங்கச் சிறிது நேரம் ஆனது. கமிட்டி இல்லையம்மா, அது ஒரு விபத்து என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. "நீங்க எப்படிச் செஞ்சீகன்னு எழுதிக் கொடுத்துருங்க மேடம், நாங்க வச்சுக்கிறோம்" என்றாள். கேட்டுவிட்டாள் அல்லவா, இனி என்னை நிறுத்த முடியாது.

காரைக்குடியில் ஒரு கல்லூரியில் முப்பத்தொரு வருடம் பி.பி.ஏ. பிள்ளைகளுக்குப் புள்ளியியல் நடத்தினேன். அது சம்பளத்துக்குச் செய்த வேலை. மனசுக்குப் பிடித்துச் செய்தது இன்னொன்று. மூன்று வருடப் படிப்பு, ஆறு பருவம். அதில் எந்தப் பாடம் எங்கே வர வேண்டும், எதைப் படித்தால்தான் எது புரியும் என்று அடுக்கிக் கொடுக்கும் வேலை. வெளியில் இருப்பவர்களுக்கு இது ஒரு வேலையாகவே தெரியாது. என் வீட்டுக்காரர் இருபது வருடமாக நான் டைம்டேபிள் போடுகிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்.

சேர்ந்த புதிதில் நாட்டரசன்கோட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவேன். விடைத்தாள் திருத்துவதையும், கடைசி பெஞ்சைப் பார்த்துக்கொண்டே கரும்பலகையில் எழுதுவதையும் இரண்டு வருடத்தில் கற்றுக்கொண்டேன். அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. மூன்றாம் வருடம் துறைத் தலைவர் சொக்கலிங்கம் சார் என்னைக் கூப்பிட்டு ஒரு பிளேடையும் ஒரு கட்டுப் போஸ்ட் கார்டையும் கையில் கொடுத்தார். என் உண்மையான வேலை அன்றுதான் ஆரம்பித்தது.

சாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒல்லியான மனிதர், எப்போதும் வெள்ளை அரைக்கைச் சட்டை. பையில் ஒரு பென்சில், ஒரு பேனா. பேனாவை எடுத்தால் கையெழுத்துப் போடப் போகிறார் என்று அர்த்தம், மற்றதெல்லாம் பென்சில். யாரையும் அதட்டிப் பார்த்ததில்லை. "முடியாது" என்றும் சொல்ல மாட்டார். எதைக் கொண்டு போனாலும் கடைசி வரி வரை படித்துவிட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஒரே கேள்வி கேட்பார்: "இதுக்கு முந்தி என்ன?"

சந்தைப்படுத்தல் பாடத்தை இரண்டாம் பருவத்தில் வைக்கலாமா என்றால், இதுக்கு முந்தி என்ன? பிள்ளைகளை ஆலைக்கு அழைத்துப் போகிறோம் என்றால், இதுக்கு முந்தி என்ன? என் கல்யாணத்துக்கு லீவு கேட்டுப் போனபோதும் பழக்க தோஷத்தில் அதையே கேட்டுவிட்டார். "நிச்சயதார்த்தம் முடிஞ்சிருச்சு சார்" என்றேன். "அப்பச் சரி" என்று பேனாவை எடுத்தார்.

எங்கள் துறை இருந்தது கல்லூரிக்கு எதிரே ஒரு பழைய வீட்டில். வீட்டுக்காரர்கள் சென்னைக்குப் போய்விட்டதால் கல்லூரி வாடகைக்கு எடுத்திருந்தது. பெரிய கூடம், தரை முழுக்க ஆத்தங்குடிக் கல், பக்கத்து ஊரில் கையால் வார்க்கிற பூப்போட்ட தரைக்கல், கல்லுக்கு ஒரு பூ. கூடத்தின் கிழக்கு மூலையில் ஆறு வரிசைக் கற்களைச் சார் ஒதுக்கி வைத்திருந்தார். ஒரு வரிசை ஒரு பருவம், ஒரு கல் ஒரு பாடம். அங்கே யாரும் மேசை போடக் கூடாது. மே மாதம் வந்தால் செருப்பைக் கழற்றிவிட்டு, போஸ்ட் கார்டை இரண்டாக வெட்டி, பாதியில் ஒரு பாடத்தின் பெயரை எழுதி, ஒவ்வொன்றாகக் கல்லின் மேல் வைப்போம். சீட்டு பறக்காமல் இருக்க அதன் மேல் ஒரு கொட்டைப்பாக்கு.

ஏன் தரையில் என்று கேட்டேன். "மேசையில வச்சா உக்காந்துக்கிட்டே நகத்துவீக. தரையில வச்சா குனியணும். குனியிறதுக்கு முந்தி ஒரு தடவை யோசிப்பீக" என்றார்.

சாத்தையா எங்கள் துறையின் உதவியாளர். வெற்றிலை போடுகிறவர். ஒரு மே மாதம் வெற்றிலை இருந்து பாக்கு இல்லாத நேரத்தில், ஐந்தாம் பருவத்தில் யாரும் கேட்க மாட்டார்கள் என்று நினைத்து இரண்டு பாக்கை எடுத்து வாயில் போட்டுவிட்டார். ஜன்னல் காற்றில் மனிதவள மேலாண்மை பறந்து முதல் பருவத்தில் போய் விழுந்தது. மறுநாள் சார் வந்து நெடுநேரம் பார்த்துவிட்டு, "மரகதம், இதுல என்னமோ யோசனை இருக்கு போல" என்றார். யோசனை யாருடையது என்று தெரிந்தபோது அவர் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அதன் பிறகு சாத்தையாவுக்கென்று தனியாகப் பாக்கு வாங்கி வைத்தோம்.

இப்படிச் சிரித்துக்கொண்டே செய்த வேலையில்தான் ஒரு பெண்ணின் பட்டத்தைப் பறிக்கப் பார்த்தேன். அதையும் எழுத வேண்டும்.

கல்லூரிக்குத் தன்னாட்சி கிடைத்த சமயம். அதுவரை ஒரு பாடத்தில் பிள்ளை தேறாவிட்டாலும் அடுத்த பருவத்துக்குப் போய்விடும், அரியர் பின்னாலேயே வரும். இனி அப்படி இல்லை, இன்னதில் தேறியவர்தான் இன்னதில் பதிவு செய்யலாம் என்று நாமே விதி எழுதலாம் என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. என் வெகுநாள் கோபம் ஒன்று இருந்தது. புள்ளியியல் ஐந்தாம் பருவத்தில் இருந்தது. அதே பருவத்தில் சார் நடத்தும் ஆய்வு முறைகள். சராசரி என்றால் என்னவென்று தெரியாமலே பிள்ளைகள் அங்கே போய் உட்கார்ந்து, ஆறாம் பருவத்தில் திட்ட அறிக்கையையும் கடையில் காசு கொடுத்து எழுதி வாங்கிக் கொடுத்தார்கள். புள்ளியியலை மூன்றாம் பருவத்துக்கு ஏற்றினேன். புள்ளியியலில் தேறினால்தான் ஆய்வு முறைகள், ஆய்வு முறைகளில் தேறினால்தான் திட்ட அறிக்கை என்று எழுதினேன். சார் மூன்று நாள் பார்த்தார், முந்தி என்ன என்று எல்லாவற்றுக்கும் கேட்டார், எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. பேனாவை எடுத்தார். அன்றைக்கு வீட்டில் கேசரி கிண்டினேன்.

விதி நடப்புக்கு வந்த இரண்டாவது ஜூனில் வசந்தி வந்தாள். எங்கள் துறையில் படித்தவள். நான்கு பருவமும் ஒரே மூச்சில் தேறியிருந்த சமயத்தில் கல்யாணம் ஆகி ஆத்தங்குடிக்குப் போனாள், படிப்பு நின்றது. ஆறு வருடம் கழித்து, இரண்டு பிள்ளைக்குத் தாயாக, மீதி ஒரு வருடத்தை முடிக்க வந்திருந்தாள். மாமனார் வீட்டுக் கல் பட்டறையில் வேலை. பழைய வீட்டை விடுதியாக மாற்றிய ஒருவர் அங்கே கல் வாங்க வந்தபோது அவள் ஆட்களை நிர்வகிக்கும் நேர்த்தியைப் பார்த்து, பட்டம் மட்டும் இருந்தால் மேலாளர் வேலை உனக்குத்தான், அடுத்த ஜூன் வரை வைத்திருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

"வீட்டுல எல்லாரும் சரின்னுட்டாக மேடம். மாமியா கூடப் பிள்ளைகளைப் பாத்துக்கிறேன்னுட்டாக. ஒரு வருசம்தானே" என்றாள். முகமெல்லாம் பல்.

நான் அவளுடைய பழைய மதிப்பெண் பட்டியலைப் புதுத் திட்டத்தோடு வைத்துப் பார்த்தேன்.

அவள் படித்த நான்கு பருவத்தில் புள்ளியியல் இல்லை, அப்போது அது ஐந்தாம் பருவம். இப்போது அது மூன்றாம் பருவம். ஜூனில் மட்டும்தான் நடக்கும். அவள் இந்த ஜூனில் புள்ளியியல் படித்துத் தேறி, அடுத்த ஜூனில் ஆய்வு முறைகளில் சேர்ந்து, அதன் பிறகுதான் திட்ட அறிக்கை. இரண்டு வருடம். ஆனால் கல்லூரியில் இன்னொரு விதி உண்டு. சேர்ந்ததிலிருந்து ஒன்பது வருடத்துக்குள் முடிக்காவிட்டால் பட்டம் கிடையாது. அவளுக்கு எட்டு போய்விட்டது. ஒன்றுதான் மிச்சம்.

பதினேழு வயதில், ஜூன் மாதம், தலைவாசல் வழியாக வருகிற பிள்ளைக்கு மட்டுமே நான் பாடத்தை அடுக்கியிருந்தேன். நடுவில் வருகிறவர்கள் என்று ஒரு சாதி உலகத்தில் உண்டு என்பதே எனக்கு ஞாபகம் வரவில்லை.

சாரிடம் ஓடினேன். "இந்த ஒரு பிள்ளைக்கு மட்டும் விலக்குன்னு ஒரு வரி எழுதி, ஒரு கையெழுத்துப் போடுங்க சார்."

அவர் முழுக்கக் கேட்டார். கண்ணாடி நெற்றிக்கு ஏறியது. ஆனால் வழக்கமான கேள்வி வரவில்லை. "ஒருத்திக்கு எழுதுனா அது தயவு. எல்லாருக்கும் எழுதுனாத்தான் விதி. நம்ம தயவுல அந்தப் பிள்ளை ஏன் பட்டம் வாங்கணும் மரகதம்?"

எனக்குக் கோபம் வந்தால் மூக்கில்தான் முதலில் தெரியும். "விதி பேசி முடிக்கிறதுக்குள்ள அவ வருசம் போயிரும் சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இரண்டு நாள் அவரோடு டீ குடிக்கவில்லை. சாத்தையாதான் இரண்டு அறைக்கும் தனித்தனியாக டம்ளரைத் தூக்கிக்கொண்டு நடந்தார். "இங்குட்டு ஒண்ணு அங்குட்டு ஒண்ணுன்னு கொண்டாந்தா டீ ஆறிப் போவுதும்மா, ரெண்டு பேரும் ஒரு இடமா உக்காருங்க" என்று என்னிடம் முறையிட்டார். அவர் சாரிடமும் அதையே சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன்.

மூன்றாம் நாள் வசந்தியை வரச் சொல்லியிருந்தேன். முடியாது என்பதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கிழக்கு மூலையில் சீட்டுகளைப் பரப்பி, பாக்கு வைத்து, இதோ பார், இங்கிருந்து இங்கே, இங்கிருந்து இங்கே, இரண்டு வருடம் ஆகிறது என்று காட்டினேன். அவள் தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். சாரும் வந்து தூணோரம் நின்றார்.

அவள் மூன்றாம் வரிசையில் விரிசல் விட்ட ஒரு கல்லைத் தடவினாள். "இது எங்க பட்டறைக் கல்லு மேடம். எங்க மாமா காலத்துப் பூ." பிறகு சாரைப் பார்த்துக் கேட்டாள். "கல்லு செய்யுறதைப் பாத்திருக்கீகளா சார்?"

"இத்தனை வருசமா மிதிச்சிருக்கேன், பாத்ததில்ல தாயி."

"கவுத்துப் போட்டுத்தான் சார் செய்வோம். கண்ணாடி மேல முதல்ல கலர் சிமெண்டுல பூவை ஊத்துவோம். அதுக்கு மேல சிமெண்டுத் தூள், அப்புறம் அடிக் கலவை. மேல தெரியிறது முதல்ல, தாங்குறது கடைசியில."

"பூ காஞ்ச பிறகா?"

"காஞ்சா போச்சு சார். பூ ஈரமா இருக்கையிலேயே அடிக் கலவை விழுந்திரணும். ரெண்டும் ஒண்ணாக் காயணும். அப்பத்தான் ஒட்டும். காயட்டும்னு காத்திருந்தா பூ தனியா உரிஞ்சு வந்திரும்." கொஞ்சம் தயங்கினாள். "இந்த ரெண்டு பாடத்தையும் அப்படி ஒண்ணா வைக்க முடியாதா மேடம்?"

வைக்க முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். சார் அதற்குள் வேட்டியை மடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் தரையில் உட்கார்ந்து நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

"முந்தி என்னன்னு முப்பது வருசமாக் கேட்டிருக்கேன். கூட என்னன்னு ஒரு நாளும் கேக்கலையே" என்றார். பென்சிலை எடுத்தார். "மரகதம், என் பாடத்துல அஞ்சு அலகு. முதல் ரெண்டு, பிரச்சினையை வரையறுக்கிறது, கேள்விப் பட்டியல் தயார் பண்றது. அதுக்கு உங்க கணக்கு வேணுமா?"

"வேண்டாம் சார்."

"மூணாவது அலகுக்குச் சராசரியும் திட்ட விலக்கமும் வேணும். எப்ப முடிப்பீக?"

"ஆகஸ்ட் கடைசி."

"நான் செப்டம்பர்ல ஆரம்பிக்கிறேன். நாலாவதுக்கு ஒட்டுறவு?"

"செப்டம்பர் மூணாவது வாரம்."

"அப்ப அக்டோபர்."

இரண்டு பாடத்தையும் வாரம் வாரமாகப் பிரித்துச் சீட்டு எழுதினோம். முப்பது சீட்டு ஆயிற்று, பாக்கு போதவில்லை. சாத்தையா மடியை அவிழ்த்துத் தன் சொந்தப் பாக்கைக் கொண்டுவந்து தரையில் வைத்தார். கோபமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. மதியம் சாப்பிடக்கூட யாருக்கும் தோன்றவில்லை. கடைசியில் பார்த்தால் இரண்டு பாடமும் ஒரே பருவத்தில் எங்கும் முட்டிக்கொள்ளாமல் நடந்து போயின. மூன்றாம் பருவப் பிள்ளைகளோடு அவள் புள்ளியியலில் உட்கார, என் வகுப்பை முதல் மணிக்கு மாற்ற வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

விதியை இப்படித் திருத்தி எழுதினோம்: ஆய்வு முறைகளில் சேரப் புள்ளியியலில் தேறியிருக்க வேண்டும், அல்லது இடையில் நின்று திரும்பி வந்தவர்கள் இரண்டையும் கூடவே படிக்கலாம். ஆனால் திட்ட அறிக்கைக்கு முன் இரண்டிலும் தேறியிருக்க வேண்டும். கடைசி வரி சாருடையது. அதில் ஓர் எழுத்தைக்கூட விட்டுக்கொடுக்க மாட்டேன் என்றார்.

பாடத்திட்டக் குழு கூடியது. "நீங்களே சொல்லுங்க" என்று சார் என்னை எழுப்பிவிட்டார். வசந்தியின் பெயரைச் சொல்லக் கூடாது என்பதும் அவர் உத்தரவு. வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர், "போன வருசம்தானே இந்த விதியைப் போட்டீங்க, அதுக்குள்ள என்ன?" என்றார். என் தவறு என்றேன். நேராக வருகிறவர்களை மட்டும் நினைத்து எழுதிவிட்டேன் என்றேன். அப்படிச் சொல்வதற்கு முந்தைய நாள் முழுக்கப் பயந்திருந்தேன். சொல்லி முடித்ததும் பார்த்தால் மனசு லேசாக இருந்தது. வாரச் சீட்டுகளைக் காட்டினேன். அவர் இரண்டு முறை எண்ணிப் பார்த்துவிட்டு, எங்கள் கல்லூரிக்கும் ஒரு நகல் கொடுங்கள் என்றார். சார் பேனாவை எடுத்தார்.

ஆனால் விதி வழி விட்டதே தவிர, நடந்து கடக்க வேண்டியது அவள்தான். நவம்பர் தேர்வில் புள்ளியியல் போனால் எல்லாம் போச்சு. வசந்திக்குக் கணக்கென்றால் நடுக்கம். ஒன்று கூடினால் மற்றது எவ்வளவு கூடும், குறையும் என்று சொல்லும் ஒட்டுறவுக் கெழுவை நடத்திய அன்று அவள் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அடுத்த வாரம் அவளே ஒரு நோட்டைக் கொண்டுவந்தாள். பட்டறையில் தினமும் எத்தனை கல் உடைகிறது, அன்றைக்கு எவ்வளவு வெயில் என்று இரண்டு மாதமாக எழுதி வைத்திருந்தாள். "இதை வச்சுச் சொல்லுங்க மேடம், புரியும்" என்றாள். புரிந்தது. எனக்கும்தான், வெயிலுக்கும் கல்லுக்கும் உள்ள உறவு.

தேர்வு முடிவு வந்த அன்று சார் அறையில் உட்காரவில்லை. கூடத்தில் நடந்துகொண்டே இருந்தார். சாத்தையா அலுவலகத்திலிருந்து தாளை வாங்கிக்கொண்டு வெறுங்காலோடு ஓடி வந்தார். நாற்பது எடுத்தால் தேர்ச்சி. ஆய்வு முறைகளில் வசந்தி நன்றாகவே தேறியிருந்தாள், புள்ளியியலில் நாற்பத்து மூன்று. அந்தத் தாளைத் திருத்தியது வேறு ஊர்க்காரர், எனக்கு அதில் பங்கில்லை. இருந்தாலும் என் முப்பத்தொரு வருடத்தில் நூறு வாங்கிய பிள்ளைக்குக்கூட நான் அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை. வசந்தி அழுதாள், நானும் அழுதேன். சார் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, "அடுத்து திட்ட அறிக்கை. தலைப்பு என்ன?" என்றார்.

தலைப்பு, கல் உடைவதும் வெயிலும்தான். ஏப்ரலில் முடித்தாள். ஜூனில் விடுதியில் சேர்ந்தாள். போவதற்கு முன் எங்கள் கூடத்தில் அந்த விரிசல் விட்ட கல்லைப் பெயர்த்துவிட்டுப் புதுக்கல் பதித்துக் கொடுத்தாள். பூ அதே பூ, நிறம் மட்டும் பளிச்சென்று தனியாகத் தெரியும். புள்ளியியல் சீட்டை அந்தக் கல்லில்தான் வைப்போம்.

இவ்வளவையும் திவ்யாவுக்கு எழுதி அனுப்பலாம் என்று இருந்தபோது பாடத்திட்டக் குழுக் கூட்டத்துக்கு வரச் சொல்லி எனக்கே அழைப்பு வந்தது. போன வாரம் போனேன். அதே கூடம். இப்போது சுவரில் பெரிய திரை. திவ்யா அழகாகப் படம் போட்டுக் காட்டினாள். ஆறு பருவம், கட்டம் கட்டமாகப் பாடங்கள், ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கோடுகள். தப்பாகச் சேர்த்தால் கோடு சிவப்பாகிவிடுமாம். நானும் வாயைப் பிளந்து பார்த்தேன். சொக்கலிங்கம் சார் இருந்திருந்தால் குனியாமலே நகர்த்துகிறீர்களே என்று கேட்டிருப்பார். அவர் இப்போது மகளோடு கோயம்புத்தூரில் இருக்கிறார். எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். கையெழுத்துத் தாள் மேசையைச் சுற்றி வந்தது.

அது முன்னாள் மாணவர் பிரதிநிதியின் கைக்குப் போனதும் நின்றது. பட்டுச் சேலையும் மூக்குக் கண்ணாடியுமாக ஒரு விடுதியின் மேலாளர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு திரையைக் கடைசிக் கட்டம் வரை படித்தாள்.

"ரொம்ப நல்லா இருக்கு மேடம்" என்றாள் வசந்தி. "நடுவுல வர்றவுக எங்குட்டு உக்காருவாக?"

திவ்யா திரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் செருப்பைக் கழற்றிவிட்டுக் கிழக்கு மூலைக்குப் போய்க் கைப்பையைத் திறந்தேன். அன்று காலையில்தான் கால் கிலோ கொட்டைப்பாக்கு வாங்கியிருந்தேன்.